முதலில் நகலெடுத்தவர் யார்?

மாணவர்கள் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று சக பேராசிரியர்கள் புலம்பும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பே வருகிறது. இயற்பியல், கணிதம், கணினி, கணக்குப்பதிவியல் எனப் பாடநூல் வினாக்களுக்கெல்லாம் மாதச் சந்தாவுக்கு விடை விற்றது ‘செக்’ என்னும் அமெரிக்க நிறுவனம். அதற்கு விடையெழுதியோரில் 70,000க்கும் மேற்பட்டோர் இந்தியர் என்று 2021இல் ஃபோர்ப்ஸ் இதழ் எழுதிற்று. அவன் வீட்டுப்பாடம், நம்மவர் கூலி! 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2023 மே மாதத்தில் ஒரே நாளில் செக்கின் பங்கு விலை ஏறக்குறையப் பாதியாயிற்று.

ஒரே விடையைப் பல்லாயிரம் பேருக்கு விற்க முடிந்தது எவ்வாறு? ஒரே வினாவைப் பல்லாயிரம் வகுப்புகளில் ஆண்டுதோறும் கொடுத்ததனால்தான். நம் கல்லூரிகளிலும் அதே கதை. உராய்வற்ற சாய்தளத்தில் வழுக்கும் கட்டை, ஃபிபொனாச்சி எண்களை அச்சிடும் நிரல், பத்தாண்டில் தேயும் எந்திரம். எண்ணைக்கூட மாற்றாமல் கரும்பலகைக்கு வந்துவிடுகின்றன. மாணவனுக்கு முன்பே நகலெடுத்தவர் ஆசிரியர்.

காரிநாயனாரின் கணக்கதிகாரம், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வழி சொல்கிறது: காம்பருகே உள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். சூத்திரம் பொய்யாகவே இருக்கட்டும். பழத்தை அறுத்துப் பார்த்துவிடலாமே! அந்தப் பழத்துக்குரிய விடை எவரிடமும் விலைக்குக் கிடைக்காது.

தெருமுனை மாவு மில்லின் எந்திரத்துக்குத் தேய்மானம் கணக்கிட்டு வா என்று வணிகவியல் மாணவனை அனுப்ப எந்தப் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல் வேண்டும்?