சென்னையில் ஒரு நாள்

மாணாக்கர் ஆண்டுக்கொருமுறை வெளியூர்ப் பிரயாணஞ் செய்து வருதல் நம் நாட்டுக் கல்லூரிகளில் நெடுநாளாக நிலவிவரும் நல்வழக்கமாகும். ஏட்டிற் படித்ததைக் கண்ணாற் காண்பதும், உடன்கற்பாரோடு உண்டும் உறங்கியும் பழகுவதும் கல்வியின் பகுதியே என்பதை மறுப்பார் இலர். ஆயினும், அப்பிரயாணங்களை வகுக்கும் முறையில் ஒரு பெருங்குறை உளதென யாம் கருதுகின்றோம். குறுகிய பொழுதில் மிகப்பல இடங்களைக் கண்டுவிட வேண்டும் என்னும் பேராசையே அது. திருநெல்வேலியினின்று சென்னைக்குச் சென்றுவரும் ஒருநாட் பிரயாணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

இத்தகைய பிரயாணத்திற்கு வழக்கமாக எழுதப்படும் நிரலை நோக்குக. காலையிற் கோட்டை, பின்னர் உயர்நீதிமன்றம், பொருட்காட்சிசாலை, சாந்தோம் ஆலயம், மயிலைக் கோயில், கிண்டிப் பாம்புப் பண்ணை, பரங்கிமலை, வண்டலூர் உயிரியற் பூங்கா, மாலையில் மெரினாக் கடற்கரை, இரவில் தியாகராய நகர்க் கடைவீதி. பத்து இடங்கள், பன்னிரண்டு மணி நேரம். நகரினின்று நெடுந்தொலைவிலுள்ள வண்டலூருக்குச் சென்று மீளும் நேரத்தையும், உணவு கொள்ளும் நேரத்தையும், நெரிசலில் வண்டி நிற்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால், ஓர் இடத்திற்குக் கிடைப்பது அரைமணியினுங் குறைவு. அவ்வரைமணியிலும் பாதி நிழற்படம் எடுப்பதிற் கழியும். ஊர் திரும்பியபின் ‘யாது கண்டீர்?’ என்று வினவினால், இடங்களின் பெயர்களை அடுக்கிக் கூறலாமேயன்றி வேறொன்றும் கூற இயலாது.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பத்து இடங்களைக் காணவேண்டுமாயின் தனிப்பேருந்து வாடகைக்கு அமர்த்தியே தீரவேண்டும். அவ்வாடகை தலைக்கு இவ்வளவென்று பங்கிடப்படும். பணமுடையார் உடனே பெயர் கொடுப்பர். இல்லாதாரோ, ‘அன்று வீட்டில் விசேஷம்,’ ‘எனக்கு வண்டிப் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது’ என்று ஏதேனும் ஒரு காரணஞ் சொல்லி ஒதுங்குவர். அக்காரணம் மெய்யன்று என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அறிந்தும் மேற்கொண்டு வினவுவதில்லை. ஒரே வகுப்பிற் பயில்வாருள் சிலரை விட்டுச் செல்லும் பிரயாணத்தைக் கல்விப் பிரயாணம் என்று எங்ஙனம் அழைப்பது? இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் ஒருவரும் பின்தங்கார். ஆதலின் சிலவற்றையே காண்பது அறிவிற்கு மட்டுமன்று, நட்பிற்கும் நன்றாம்.

அங்ஙனமாயின் காணத்தக்கன எவை? தமிழ் பயிலும் மாணாக்கருக்கு இரண்டே போதும் என்பது எம் துணிபு.

ஒன்று, எழும்பூரில் 1851ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அரசினர் பொருட்காட்சிசாலை. திருநெல்வேலிக்குக் கிழக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டரில், பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு யாகோர் என்னும் ஜெர்மானியர் அகழ்ந்தெடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. 1899 முதற்கொண்டு அலெக்சாந்தர் ரீ என்பார் அகழ்ந்தெடுத்த தாழிகளும், இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருள்களும், பொற்பட்டங்களும் சென்னைக்குச் சென்றன. நம் முன்னோர் கைப்பட்ட பொருள்களைக் காண நாம் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் செல்லவேண்டியதாயிற்று.

மற்றொன்று, பெசன்ட் நகரிலுள்ள டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம். ஐயரவர்கள் 1942இல் மறைந்தபின், அடுத்த ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரால் தோற்றுவிக்கப்பெற்றது. ஐயரவர்கள் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தற்கு முன்னர் அதன் ஏடுகளைத் தேடி நம் திருநெல்வேலிக்கும், ஆதிச்சநல்லூருக்கு அணித்தாகிய ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். அவர் நம் ஊருக்கு வந்து ஏடு தேடினார்; நாம் அவர் தொகுத்த ஏடுகளைக் காண அவர் பெயரால் விளங்கும் நிலையத்திற்குச் செல்கின்றோம். அச்சுநூலில் ஒரு பாடவேறுபாட்டைக் கண்டு சலிப்புறும் மாணாக்கன், புள்ளியில்லா எழுத்துக்கள் நெருங்கிய பழைய ஓலை ஒன்றை ஒருமுறை கண்டால், அவ்வேறுபாடு எவ்வாறு பிறந்ததென்பதைத் தானே உணர்வான்.

இனி, செல்லும் வகை. பொருட்காட்சிசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகலின் வெள்ளியிரவு புகைவண்டி ஏறிச் சனிக்கிழமை காலை சென்னை சேர்வதே தக்கது. வண்டி எழும்பூர் வரை செல்லுமா, தாம்பரத்தோடு நிற்குமா என்பதை முன்னரே உசாவுதல் வேண்டும். எழும்பூரில் இறங்கினால் பொருட்காட்சிசாலைக்கு நடந்தே செல்லலாம். பேருந்திலோ எனின், 2023 டிசம்பரில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகருக்குள் வருவதற்கே நெடுநேரம் ஆகும். கல்விப் பிரயாணஞ் செய்யும் மாணாக்கருக்குப் புகைவண்டியின் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் கட்டணத்திற் பாதியும், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் முக்காற் பங்கும் சலுகையுண்டு. அதனைப் பெறக் கல்லூரி முதல்வரின் சான்று வேண்டும். இறுதி நேரத்தில் தட்கால் முறையில் எடுக்கும் டிக்கெட்டிற்கு அச்சலுகை இல்லை. முன்பதிவுக் காலமும் 2024 நவம்பர் முதல் 120 நாளினின்று 60 நாளாகக் குறைக்கப்பெற்றது. ஆதலின் இரண்டு திங்களுக்கு முன்னரே நாள் குறித்தல் இன்றியமையாதது. நூல்நிலையத்தார்க்கும் கடிதம் எழுதி, அவர்களுக்கு இசைவான நேரத்தைக் கேட்டறிதல் முறையாகும். எழும்பூரினின்று பெசன்ட் நகருக்கு மாநகரப் பேருந்தே போதும்.

‘அத்துணைத் தொலைவு சென்று இரண்டே இடங்களா? கடலையுமா காணாது திரும்புவது?’ என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். பெசன்ட் நகரிலேயே கடல் உளது. மாலையில் மணலில் அமர்ந்து அன்று கண்டதைப் பேசுதற்குக் கட்டணமும் இல்லை. எஞ்சிய இடங்களெல்லாம் எங்கும் ஓடிப்போய்விடா. ஒருமுறை தானே வழிகேட்டு, பேருந்து ஏறி, நூல்நிலையத்தில் தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்ற மாணாக்கன் மறுமுறை தனியே செல்ல அஞ்சான். வாடகைப் பேருந்தின் சாளரத்தினின்று நகரைக் கண்டவனுக்கோ, அது மறுமுறையும் அயலூரே.

இறுதியாக ஒன்று. சென்னைக்குச் செல்லுமுன் ஒரு சனிக்கிழமை ஆதிச்சநல்லூருக்குச் சென்று வருதல் வேண்டும். தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே காணுமாறு 2023இல் அங்கு ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பெற்றுள்ளது. மண்ணிற் புதைந்த தாழியை ஈண்டுக் கண்டவனே, கண்ணாடிப் பேழையுள் இருக்கும் தாழியை ஆண்டுக் காணும்போது கேள்வி கேட்பான். கேள்வியோடு செல்பவனே விடையோடு மீள்வான். வரும் ஆண்டுப் பிரயாணத்தை வகுக்கும் மாணாக்கர் கழகத்தார் இவற்றை ஆராய்ந்து, நிரலைச் சுருக்கி, வகுப்பினர் அனைவரையும் உடன் அழைத்துச் செல்வாராக!