மின்மைத் திரையில் ஓடும் படமும் கல்விப்புலத்தின் ஏளனமும்

கிண்டிலில் காணொளி ஓட்டுவது வேலையற்றோர் விளையாட்டு என்னும் ஏளனம் நம் கணினியியல் துறைகளில் எளிதாக எழுகிறது. நூல் படிக்கச் செய்த கருவியில் படம் எதற்கு, கைப்பேசி இல்லையா என்று கேட்போர், அத்திரை எவ்வாறு இயங்குகிறது என்ற அடுத்த கேள்விக்குப் பெரும்பாலும் விடை சொல்வதில்லை.

மின்மைத் திரையின் நுண்ணுறைகளுக்குள் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கருந்துகள்களும் வெண்துகள்களும் நீர்மத்தில் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது அவை இடம்பெயர வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். 16 சாம்பல் நிலைகளையும் செம்மையாகக் காட்ட அரை நொடி வரை ஆகலாம். திரைப்படமோ நொடிக்கு 24 சட்டகங்களைக் கேட்கிறது. ஆகவே பொழுதுபோக்கு நிரலாளர் சாம்பலைக் கைவிட்டு, கருப்பும் வெள்ளையும் மட்டுமுள்ள விரைவு முறையை நாடுகிறார். இழந்த சாம்பலைப் புள்ளிகளின் அடர்த்தியால் மீட்கிறார். பிரைஸ் பேயர் 1973இல் வெளியிட்ட அணி இங்கே கைகொடுக்கிறது. 1976இல் வந்த ஃபிளாய்டு-ஸ்டைன்பெர்க் முறை நிழற்படத்திற்கு அழகுதான். அசையும் படத்திலோ ஒரு புள்ளியின் பிழை அண்டைப் புள்ளிகளுக்குப் பரவி, அசையாப் பின்னணியும் சட்டகந்தோறும் கொதிக்கத் தொடங்கும். பேயர் அணியில் அசையாத பகுதி அப்படியே நிற்கும். மாறிய புள்ளிகளை மட்டும் புதுப்பித்தால் போதும். பாடநூலில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் இவ்வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் ஆய்வகப் பயிற்சி எது?

பூட்டைத் திறப்பது குற்றம் என்ற அச்சம் அடுத்து வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பக் காப்பை உடைப்பதையே தண்டிக்கிறது. நூலைத் திருடுவதும் திரையை ஆராய்வதும் ஒன்றெனப் பேசுவோர் அச்சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. 2009இல் வாங்கியவரின் கருவியிலிருந்தே ஆர்வெல்லின் நூல்களை அமேசான் தொலைவிலிருந்து நீக்கியது. கருவி யாருடையது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அதற்கு நிரல்வழி விடை தேடுவோர் இந்தப் பொழுதுபோக்காளர்களே.

பின்லாந்து 2020இல் டெமோ கலையைத் தன் வாழும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கோ பழைய கிண்டில்கள் இழுப்பறைகளில் உறங்க, இறுதியாண்டு மாணவர்கள் அதே நூலக மேலாண்மை மென்பொருளை ஆண்டுதோறும் புதிய அட்டையோடு சமர்ப்பிக்கிறார்கள். அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கிறது.