பின்னால் வருகிறவர்



விரைவுச்சாலையில் வாகனங்கள் திடீரென்று நின்றுபோகும்போது, "முன்னால் யார் என்ன செய்தார்?" என்ற கேள்வியே நம்மில் அநேகருக்கு முதலில் எழுகிறது. சிறிது தூரம் ஊர்ந்து சென்றபின் சாலை தானாகவே திறந்துவிடுகிறது. அங்கே விபத்தும் இல்லை, பழுதுபட்ட லாரியும் இல்லை. குற்றம் சாட்ட ஒருவரும் அகப்படாததால் வியப்போடு கடந்துபோகிறோம். நெரிசலின் காரணத்தை நாம் தவறான திசையில் தேடுகிறோம் என்பதே என் கருத்து.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கவனியுங்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். அங்கே சிக்னல் இல்லை, குறுகலான பாலமும் இல்லை. ஆயினும் சற்று நேரத்தில் சில கார்கள் நின்றே போயின. ஒருவர் சற்றே வேகம் குறைக்கிறார். பின்னால் வருகிறவர் அதை ஒரு கணம் தாமதித்தே உணர்வதால் இன்னும் அழுத்தமாகப் பிரேக் பிடிக்கிறார். அவருக்குப் பின்னால் வருகிறவர் அதைவிட அழுத்தமாகப் பிடிக்கிறார். கார்கள் முன்னோக்கிச் செல்ல, நெரிசலோ ஓர் அலையைப்போலப் பின்னோக்கி நகர்ந்தது. நெடுஞ்சாலையிலோ, அந்த அலைக்கு வித்திட்டவர் அதைக் காணாமலே வெகுதூரம் போய்விடுகிறார்.

மூன்று தடங்கள் இரண்டாகக் குறையும் இடத்திலும், பக்கச் சாலை வந்து சேரும் இடத்திலும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏற்றத்திலும் இது எளிதில் நேரிடுகிறது. உருவான நெரிசல் கலைவதோ எளிதன்று. வரிசையின் தலைப்பகுதியிலிருந்து வெளியேறும் வாகனங்களைவிட வாலில் வந்து சேருகிறவை குறைந்தால் மட்டுமே அது சுருங்கும். ஆகவேதான், விபத்துக்குள்ளான வண்டியை அகற்றிய பிறகும் வரிசை நெடுநேரம் நீடிக்கிறது. காரணம் மறைந்தாலும் விளைவு மறைவதில்லை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், விரைவுச்சாலையின் நுழைவுப் பாதைகளில் சிக்னல்கள் வைத்து வாகனங்களைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டார்கள். காத்திருக்க மனமில்லாத பலர் முறையிட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 430 சிக்னல்களைச் சில வாரங்களுக்கு அணைத்துவைத்துச் சோதித்தார்கள். விரைவுச்சாலையில் பயண நேரம் 22 சதவீதம் கூடியது. சாலை தாங்கிய வாகனங்கள் 9 சதவீதம் குறைந்தன. விபத்துகள் 26 சதவீதம் பெருகின. பின்பு, காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்துச் சிக்னல்களை மீண்டும் இயக்கினார்கள். அந்த விபத்துகளில் அடிபட்டவர்களை எண்ணிப் பாருங்கள். வாசலில் சில நிமிடப் பொறுமை வெறும் வசதியைச் சார்ந்த காரியமன்று. அது மனித உயிரைச் சார்ந்தது.

"இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைந்துவிடுவாரே!" என்று நீங்கள் கேட்கலாம். நுழையட்டும். அதனால் நீங்கள் இழப்பது ஓரிரு விநாடிகளே. அந்த இடைவெளி இல்லாவிட்டால் அவர் முண்டியடித்து நுழைவார், நீங்கள் பிரேக் அழுத்துவீர்கள், உங்களுக்குப் பின்னால் எத்தனையோ பேர் நிற்பார்கள். காலியாகக் கிடப்பதுபோல் தோன்றும் அந்த இடம் வீணன்று. முன்னால் எழும் அதிர்ச்சி பின்னால் வருகிறவரைச் சேராதபடி அது தாங்கிக்கொள்கிறது.

ஒருவர் மட்டும் பொறுமையாய் இருந்து என்ன பயன் என்று சோர்ந்துபோக வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனாவில் சுமார் 20 கார்களைக்கொண்டு இதே வட்டச் சோதனையைச் செய்தபோது, ஒரேயொரு காரைக் கணினியின் உதவியால் சீரான வேகத்தில் ஓடச் செய்தார்கள். அந்த ஒன்றினால் அலை அடங்கிற்று, கடுமையாகப் பிரேக் பிடிப்பது குறைந்தது, எரிபொருளும் மிச்சமாயிற்று. மற்ற ஓட்டுநர்கள் எப்போதும்போலவே ஓட்டினார்கள்.

அயலான் என்றால் பக்கத்து வீட்டில் இருப்பவர் என்று நினைக்கிறோம். சாலையில் நம் அயலான் நமக்குப் பின்னால் வருகிறவர். நம் அவசரத்தின் விலையை அவரே செலுத்துகிறார். அவர் முகத்தை நாம் ஒருபோதும் காண்பதில்லை. இந்த வாரம் நீங்கள் வண்டியை எடுக்கும்போது, முன்னால் செல்கிறவருக்குப் பின்னே தாராளமாய் இடம் விடுங்கள். கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பாருங்கள். அங்கே வருகிறவர் நிற்காமல் வீடு போய்ச் சேரட்டும்.