ஆறாயிரம் ரூபாய்க் கூலியில் நிற்கும் பள்ளிப் பாதுகாப்பு

ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு பிறந்த நாரவாரிபள்ளி, இன்றைய திருப்பதி மாவட்டத்தின் சந்திரகிரி மண்டலத்தில் உள்ளது. அவரது சிறு வயதில் அந்த ஊரில் பள்ளி இல்லை. தொடக்கக் கல்விக்குச் சேஷாபுரம், அதன்பின் சந்திரகிரி அரசு உயர்நிலைப் பள்ளி என்றுதான் அவர் படிக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் சேஷாசலக் காடு, மழைக்காலத்தில் கரை மீறும் சுவர்ணமுகி ஆறு. அக்காலத்தில் பள்ளிக்குப் போய்ச் சேருவதே ஒரு சாதனைதான்.

இன்று கிராமங்களில் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்குள் நுழைந்த குழந்தை மாலையில் நலமாக வீடு திரும்புவதற்கு யார் பொறுப்பு என்பதே இப்போதைய கேள்வி. அதிகாரிகளைக் கேட்டால் சுற்றறிக்கைகளை அடுக்குவார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் குடிநீர், தனித்தனிக் கழிப்பறை, சமையற்கூடம், சுற்றுச்சுவர் எல்லாமே இருக்கின்றன. பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று உச்சநீதிமன்றம் 2009 ஏப்ரலில், கும்பகோணம் தீ விபத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்தும்விட்டது. காகிதத்தில் குறையேதும் இல்லை.

காகிதத்தை விட்டுப் பள்ளிக்குள் வருவோம். ஆந்திராவின் அரசுப் பள்ளியில் கழிப்பறையைச் சுத்தம் செய்பவர் ஆயா. அவருக்கு மாதம் 6,000 ரூபாய். இரவுக் காவலர் என ஒருவர் இருந்தால் அவருக்கும் 6,000 ரூபாய். மதிய உணவு சமைக்கும் பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 100 ரூபாய். இவை எதற்கும் ஊதியம் என்று பெயர் கிடையாது, மதிப்பூதியம் என்பார்கள். இவர்கள் 'தொழிலாளர்' அல்லர், சேவை செய்ய முன்வந்தவர்கள் என்பது அரசின் வாதம்.

ஒன்றிய அரசின் கணக்கு இதைவிடக் கேவலமானது. சமையலருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2009இல் நிர்ணயித்தார்கள். அதில் ஒன்றிய அரசின் பங்கு 600 ரூபாய். அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டும். திட்டத்தின் பெயர் 'பிஎம் போஷன்' என்று மாறியது, பிரதமரின் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தொகை மட்டும் மாறவில்லை. இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என்று 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இலேயே பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து எடுத்த முடிவு அது. இன்றுவரை கோப்பில் உறங்குகிறது.

ஆயாவின் ஆறாயிரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜெகன்மோகன் ரெட்டி அரசு 'அம்ம ஒடி' திட்டத்தில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்றது. 2021இல் கழிப்பறைப் பராமரிப்பு நிதி என்று 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பள்ளிப் பராமரிப்புக்கென்று மேலும் 1,000. ஆட்சி மாறி, தெலுங்கு தேசம் கூட்டணி வந்தது. திட்டத்தின் பெயர் 'தல்லிக்கி வந்தனம்' ஆனது. தாய்க்கு வணக்கம் என்று பொருள். வணக்கம் சொல்லிவிட்டு அதே 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 13,000 ரூபாய் தந்தார்கள். எல்லாவற்றிலும் சண்டையிடும் இரு கட்சிகளுக்கும் இந்த ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடே இல்லை. நூறு குழந்தைகள் படிக்கும் பள்ளி என்றால், இந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் தாய்மார்களின் பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து செய்ய வேண்டிய துப்புரவுச் செலவைக் கூலிக்காரத் தாயின் மடியிலிருந்து எடுத்து, இன்னொரு கூலிக்காரப் பெண்ணுக்குக் குறைந்தபட்ச ஊதியத்திற்கும் கீழே தருகிறது. அதுவும் மாதா மாதம் வந்து சேருவதில்லை.

கண்காணிப்புக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை. முந்தைய ஆட்சியில் ஆசிரியர்கள் தினமும் கழிப்பறையைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆசிரியர் சங்கங்கள் போராடின. 2024 ஆட்சி மாற்றத்திற்குப் பின் அந்த வேலை கைவிடப்பட்டது. நல்லதுதான். ஆனால் படம் எடுப்பது நின்றதே தவிர, சுத்தம் செய்பவருக்கு ஊதியம் உயரவில்லை.

இது ஊதியப் பிரச்சனைதானே, பாதுகாப்புக்கு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு ஜூலை 16களை நினைவுகூர்வோம்.

2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். கீற்றுக் கொட்டகைச் சமையற்கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகினர். பத்தாண்டு கழித்து, 2014 ஜூலை 30இல் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரிக்கப்பட்ட 21 பேரில் 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. பள்ளி நிறுவனர் தண்டிக்கப்பட்டார்; அவரோடு அடுப்பெரித்த சமையலரும் தண்டிக்கப்பட்டார். விடுவிக்கப்பட்டவர்களில் அதிகாரிகளும் இருந்தனர். சமையற்கூடத்தை எங்கே வைப்பது, கூரையை எதனால் வேய்வது, மூன்று பள்ளிகளுக்கு ஒரே கட்டடத்தில் எப்படி அங்கீகாரம் தருவது என்று அந்தச் சமையலரிடம் எவரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

2013 ஜூலை 16, பீகாரின் சரண் மாவட்டம், தர்மசதி கண்டாமன் கிராமம். பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை, பொருள் வைக்க அறை இல்லை. மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. 23 குழந்தைகள் மாண்டனர். எண்ணெயில் ஏதோ வாடை வீசுகிறது என்று சமையலர் சொன்னதாகவும், அதை மீறிச் சமைக்கச் சொல்லப்பட்டதாகவும் அப்போதே செய்திகள் வெளியாயின. சமைத்தவரும் அதே உணவால் நோயுற்றார். தலைமை ஆசிரியைக்கு 2016இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தச் சமையலருக்கு ஆபத்து தெரிந்திருந்தது. பீகார் முழுவதிலும் அன்று அதை முதலில் அறிந்தவர் அவர்தான். "இந்த எண்ணெயில் சமைக்க மாட்டேன்" என்று சொல்லி அடுப்பை அணைக்கும் அதிகாரம்தான் அவரிடம் இல்லை. நாளை வராதே என்று ஒரு சொல்லில் அனுப்பிவிடக்கூடிய நிலையில் இருப்பவரிடம் அந்தத் துணிவை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

பாதுகாப்பு என்ற கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது எமது கருத்து. ஆபத்தை முதலில் காண்பவர்கள் சமையலர், ஆயா, காவலர், தற்காலிக ஆசிரியர் ஆகியோர். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பார்த்தால் சுவரில் விழுந்த விரிசல் தெரியாது. தினமும் அதன் அடியில் பெருக்குபவருக்குத் தெரியும். அவர் சொன்னால் எழுத்தில் பதிவாக வேண்டும், மேலே போக வேண்டும், சொன்னதற்காக வேலை போகக் கூடாது. நிரந்தரப் பணி என்பது அவரது வயிற்றுக்கான கோரிக்கை மட்டும் அல்ல. குழந்தையின் உயிருக்கான காப்பும் அதுதான்.

ஆந்திராவில் நிலைமை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. மதிய உணவு சமைக்கும் பெண்கள் காய்கறியையும் மளிகையையும் கடனுக்கு வாங்கிச் சமைத்துவிட்டுப் பின்னர் பில்லுக்காகக் காத்திருக்கிறார்கள். கடன் பாக்கி ஏறியவர் கடைக்காரரிடம் 'இந்தப் பருப்பு வேண்டாம், நல்லதாகக் கொடு' என்று எப்படிக் கேட்பார்? ஆட்சி மாறும்போதெல்லாம் உள்ளூர்த் தலைவர்கள் பழைய சமையலர்களை நீக்கித் தம் ஆட்களை அமர்த்த முனைவதும், அதை எதிர்த்து சிஐடியு சங்கங்கள் மண்டல அலுவலகங்களின் முன் அமர்வதும் வாடிக்கையாகிவிட்டது.

இதே திருப்பதி மாவட்டத்தின் நாயுடுபேட்டையில், அம்பேத்கர் குருகுலப் பள்ளியில் 2024 ஜூலையில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உணவு நஞ்சானதால் நோயுற்றனர். 2025 அக்டோபரில் பார்வதிபுரம் மன்யம் மாவட்டம் குருபாம் பழங்குடி மாணவியர் உறைவிடப் பள்ளியில் மஞ்சள் காமாலை பரவி இரு மாணவியர் உயிரிழந்தனர். இரண்டும் தலித், பழங்குடிக் குழந்தைகளுக்கென அரசே நடத்தும் உறைவிடப் பள்ளிகள். இது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. யாருடைய பிள்ளைகள் என்பதைப் பொறுத்தே குடிநீர்த் தொட்டி கழுவப்படும் இடைவெளி அமைகிறது.

பள்ளிக்குச் செல்லும் வழியும் பள்ளியின் பாதுகாப்பில் அடங்கும். 2022 ஜூனில் வந்த அரசாணை 117, தொடக்கப் பள்ளியின் 3, 4, 5 ஆம் வகுப்புகளைப் பிரித்து உயர்நிலைப் பள்ளிகளோடு இணைக்க வழிவகுத்தது. ஊருக்குள் படித்த எட்டு வயதுக் குழந்தை பெரிய சாலையைத் தாண்டிப் போக நேர்ந்தது. சந்திரகிரியைக் கடந்து செல்லும் திருப்பதி நெடுஞ்சாலையில் பக்தர்களின் வாகனங்கள் எந்த வேகத்தில் பறக்கின்றன என்பது அவ்வழி சென்ற எவருக்கும் தெரியும். காட்டோர ஊர்களில் வேறு அச்சம்: 2025 ஜனவரியில், நாரவாரிபள்ளியை ஒட்டிய பகுதியில்தான் யானைக் கூட்டம் தாக்கி ஒருவர் உயிரிழந்தார். ஆசிரியர், மாணவர் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் 2025இல் அந்த அரசாணை விலக்கப்பட்டது. ஆனால் அதனிடத்தில் ஒன்பது வகைப் பள்ளிகள் என்ற புதிய பிரிப்பு வந்துள்ளது. குழந்தைகள் குறைவு என்ற காரணத்தைச் சொல்லிப் பள்ளியை நகர்த்தும் எண்ணம் விலகியதாகத் தெரியவில்லை.

2021 நவம்பர் வெள்ளத்தில் சுவர்ணமுகி பெருக்கெடுத்ததும், இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டுக் கீழுள்ள ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டதும் இப்பகுதித் தோழர்களுக்கு நினைவிருக்கும். அருகில் உறுதியான பள்ளிக் கட்டடம் இருப்பது எத்தனை முக்கியம் என்று அப்போது தெரிந்தது. 'நாடு–நேடு' திட்டத்தின் முதல் கட்டத்தில் 15,715 பள்ளிகள் சீரமைக்கப்பட்டன. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்த கட்டப் பணிகள் பல இடங்களில் பாதியில் நிற்கின்றன. முந்தைய அரசு தொடங்கியதை இந்த அரசு முடிக்கத் தயங்குகிறது. பாதியில் நிற்கும் கட்டடத்தின் நீட்டிய கம்பிகளுக்கு இடையே விளையாடும் குழந்தைக்கு எந்தக் கட்சியின் திட்டம் என்பதைப் பற்றிக் கவலை இல்லை.

தமிழ்நாட்டில் நிலைமை மேல் என்று நிம்மதி கொள்ளலாமா? சத்துணவு ஊழியர்கள் நீண்ட போராட்டங்களால் சிறப்புக் காலமுறை ஊதியம் பெற்றனர். அதே தமிழ்நாட்டில்தான் 8,997 சமையல் உதவியாளர்களை முதல் ஓராண்டுக்கு 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்க ஆணை வந்தது. 2021 டிசம்பர் 17இல் திருநெல்வேலியில் ஓர் உதவிபெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலமெங்கும் பழுதடைந்த கட்டடங்களை இடிக்கும் வேலை வேகமெடுத்தது. 2024 நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினத்தில், அரசுப் பள்ளியின் தற்காலிக ஆசிரியை ஒருவர் பள்ளி வளாகத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். பணியாளர் பாதுகாப்பு என்பது எத்தனை பள்ளிகளின் கூட்டத்தில் ஒரு பொருளாகவாவது பேசப்படுகிறது?

இராஜஸ்தானின் ஜாலாவர் மாவட்டம் பிப்லோடியில் 2025 ஜூலை 25இல் பள்ளிக் கூரை இடிந்து ஏழு குழந்தைகள் இறந்தனர். உடனடி நடவடிக்கை என்னவென்றால், பள்ளி ஊழியர்களின் இடைநீக்கம். அதே மாதம் கேரளத்தில், இடது ஜனநாயக முன்னணி ஆட்சியின்போதே, கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில் தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியில் பட்டு ஒரு மாணவர் இறந்தார். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அங்கும் முதலில் தலைமை ஆசிரியைதான் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் விசாரணை அத்துடன் நிற்கவில்லை; நிர்வாகத்திடமிருந்து பள்ளியின் பொறுப்பு எடுக்கப்பட்டு அரசின் கைக்கு வந்தது. பொறுப்பு மேல்நோக்கியும் ஏற வேண்டும் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம். சமையலருக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய்க்கு மேல் நிர்ணயித்திருப்பதும் அந்த மாநிலம்தான். அங்கும் ஊதியம் தாமதமான மாதங்கள் உண்டு, அதற்காகச் சமையலர்கள் போராடியதும் உண்டு.

சந்திரகிரி போன்ற மண்டலங்களில் நம் கிளைகள் செய்யக்கூடிய வேலை ஒன்று உள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதி பேர் பெண்கள். 2024 டிசம்பர் 7இல் அரசு நடத்திய 'மெகா' பெற்றோர் கூட்டம் போன்ற ஒருநாள் விழாவுக்காக அந்தக் குழு ஏற்படுத்தப்படவில்லை. பள்ளியின் செலவுகளைக் கண்காணிக்கும் அதிகாரம் அதற்குச் சட்டப்படியே உண்டு. அதில் உள்ள தாய்மார்களோடு அமர்ந்து, அவர்களிடமிருந்து பிடிக்கப்பட்ட இரண்டாயிரம் ரூபாயில் தங்கள் பள்ளிக்கு வந்தது எவ்வளவு, ஆயாவுக்குக் கடைசியாக எந்த மாதக் கூலி கிடைத்தது, சமையலருக்குத் தர வேண்டிய பில் பாக்கி எத்தனை, குடிநீர்த் தொட்டி எந்தத் தேதியில் கழுவப்பட்டது என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொல்லலாம். ஆயாவையும் சமையலரையும் அந்தக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பள்ளியில் எது ஆபத்து என்று அவர்கள் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யலாம். மண்டலக் கல்வி அலுவலர் அதில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டால், அடுத்த முறை ஏதேனும் நேர்ந்தபோது எங்களுக்குத் தெரியாது என்று மேலே இருப்பவர்கள் சொல்ல வழியிருக்காது.