சொல்லிவிட்டுச் செல்லும் தனிமை

நுழையும்முன்

தனித்துப் பயணம் செய்வோரைத் துணிச்சல் மிக்கவர் என்று போற்றுவோர் உண்டு. பொறுப்பற்றவர் என்று கடிந்துரைப்போரும் உண்டு. தனிநடை யாருக்குத் தேவை, அதற்குரிய ஒழுங்கு யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கூட்டத்தின் நடுவே

சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கித் திரும்பினால், வயலும் ஏரிக்கரையுமாக இருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். மகிழுந்தும் கைப்பேசியும் கண்ணாடியும் இங்கே இரவு பகலாக உருவாகின்றன. தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கு வந்து உழைக்கின்றனர். பொருள்வயிற் பிரிவு என்று அக இலக்கணம் வகுத்தது இன்றும் நிகழ்கிறது. அன்று பிரிந்தவன் பாலை வழியே தனியே நடந்தான். இன்று பிரிந்து வருவோருக்கோ தனிமையே கிடைப்பதில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட மகளிர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். அறைக்கு ஆறு பேர். வெளியூரிலிருந்து வரும் பெண்களுக்குப் பாதுகாப்பான கூரை கிடைத்திருப்பது போற்றத்தக்கது. ஆயினும், பணிக்களத்தில் வரிசை, உணவுக்கூடத்தில் வரிசை, நிறுவனப் பேருந்தில் நெரிசல், உறங்கும் அறையிலும் ஐவர் என்று ஒருவரின் நாள் முழுவதும் பிறர் நடுவிலேயே கழிகிறது. தன் எண்ணத்தைத் தானே கேட்க ஒரு மணிப்பொழுது வேண்டும் என்பது செல்வர்க்கு மட்டும் உரிய விருப்பம் அன்று.

அத்தகைய பொழுதை நாடி ஒருவர் விடுமுறை நாளில் தனியே மலைக்கோ காட்டுக்கோ செல்ல விரும்பினால், முதலில் எழும் எதிர்ப்பு, “தனியாகவா?” என்பதே. பெண் என்றால் அக்கேள்வி தடையாகவே மாறிவிடுகிறது.

எண்ணிக்கை காப்பதில்லை

தனிமைதான் இடர், கூட்டமே காப்பு என்பது இவ்வெதிர்ப்பின் அடிப்படை. நிகழ்வுகள் இதனை மெய்ப்பிக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் தனித்துச் சென்றவர்கள் அல்லர், குழுக்களாகச் சென்றவர்கள். காய்ந்த புல் தீப்பற்றும் கோடைத் தொடக்கத்தில், காற்றின் போக்கில் நெருப்பு மலைச்சரிவில் விரைந்து ஏறும்போது எண்ணிக்கை எவரையும் காப்பதில்லை.

தனியே சென்று துன்புற்ற ஒருவரின் நிகழ்வும் எண்ணத்தக்கது. 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்னும் இளைஞர் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைநிலத்தில், புளூ ஜான் என்னும் குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கினார். பெயர்ந்து விழுந்த பாறை அவரது வலக்கையைச் சிறைப்படுத்தியது. ஏறத்தாழ 127 மணி நேரம் கழித்துத் தம் கையைத் தாமே அறுத்துக்கொண்டு அவர் உயிர்தப்பினார். அவர் தனியே சென்றதைவிடப் பெரிய பிழை, தாம் செல்லும் இடத்தை எவரிடமும் சொல்லாமல் சென்றதே. சொல்லியிருந்தால் தேடுவோர் எங்கே தேடுவது என்று அறிந்திருப்பர். தனிமை வேறு, தகவலின்மை வேறு.

ஆயத்தமே துணை

1963இல் காலின் பிளெட்சர் என்பவர் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தனியொருவராக நடந்தார். இரண்டு திங்கள் நீண்ட அந்நடைக்குரிய உணவை வழியில் முன்னரே சேமித்து வைத்தும், வானூர்தியிலிருந்து குறித்த இடங்களில் போடச் செய்தும் ஏற்பாடு செய்திருந்தார். 1977இல் ராபின் டேவிட்சன் என்னும் இளம்பெண் நான்கு ஒட்டகங்களோடும் ஒரு நாயோடும் ஆஸ்திரேலியப் பாலையில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் பயணம் செய்தார். ஒட்டகங்களைப் பழக்கும் முறையைக் கற்பதற்கும் ஆயத்தத்திற்கும் அவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் செலவிட்டார். இவ்விருவரின் துணிவும் ஆயத்தத்தில் வேரூன்றியிருந்தது. தன் நீரைத் தானே சுமப்பவர் அதன் அளவை அறிவார். தன் வழியைத் தானே தேர்பவர் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவார். பிறர் பின்னால் நடப்பவர் இவற்றைப் பிறரிடமே விட்டுவிடுகிறார்.

அருகிலுள்ள வழி

இதற்காகத் தொலைதூரப் பாலைக்குச் செல்ல வேண்டியதில்லை. திருப்பெரும்புதூருக்கு வடக்கே, திருவள்ளூரைக் கடந்தால் பூண்டி நீர்த்தேக்கம். அதனை அடுத்த முட்புதர்க் காட்டில் குடியம் குகைகள் உள்ளன. கூழாங்கற்கள் இறுகிப் பாறையான மலைச்சரிவில் இயற்கை குடைந்த உறைவிடங்கள் அவை. கோடையில் நிழல் அரிதான அவ்வழி, பாலைத்திணையை நினைவூட்டும்.

1863 மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், அதே ஆண்டு கொற்றலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகளையும் அறிந்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வு கூறியது. கல்லைத் தட்டிச் சீவிக் கைக்கோடரி செய்தோரின் பணிக்களம் அது. நாள்தோறும் உலோகத்தை வடிவாக்கும் தொழிலாளி, அக்கல்லின் கூரிய விளிம்பைப் பூண்டி அருங்காட்சியகத்தில் காணும்போது, தன் கைத்தொழிலின் தொன்மையை உணர்வார்.

குரங்கணி நிகழ்வுக்குப் பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு 2018இல் வகுத்தது. 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டம் 40 வழித்தடங்களைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. குடியமும் அவற்றுள் ஒன்று. இவ்வாறு செல்வது முழுத் தனிமை அன்று என்று சிலர் குறைகூறலாம். ஆயினும், வழியறிந்தவர் பத்தடி முன்னே பேசாது நடக்க, பின்னே தன் எண்ணங்களோடு நடப்பவருக்கு இழப்பு ஏதுமில்லை. காப்புக்காடு வன உயிர்களின் வீடு. அதனுள் நுழைய இசைவு பெறுதல் விருந்தினரின் கடமை.

இசைவும் தகவலும்

காட்டிற்குள் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும் என்பதற்காக, விடுதியை விட்டு வெளியே செல்லவும் ஒரு பெண் எவரிடமேனும் இசைவு கேட்க வேண்டும் என்பதாகாது. பதினெட்டு அகவை கடந்து, உழைத்து ஊதியம் ஈட்டுபவர் எங்கே செல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையதே. செல்லும் வழி, திரும்பும் நேரம், உரிய நேரத்தில் திரும்பாவிடில் அழைக்க வேண்டிய எண் ஆகிய மூன்றையும் நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லிச் செல்வது அவர் தமக்குத் தாமே அமைத்துக்கொள்ளும் காப்பு. இதனைக் கேட்டு எழுதிக்கொள்ளும் விடுதி, தடுக்கும் அதிகாரமாகவன்றித் தேடிவரும் துணையாக இருத்தல் வேண்டும்.

அதற்கேற்பத் தொழிற்பகுதியும் மாற வேண்டும். விடுமுறை நாளில் பூண்டிக்குப் பேருந்து, வழித்தடங்களில் பெண் வழிகாட்டிகள், விடுதிகளில் முதலுதவிப் பயிற்சி ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. ஓய்வு நாளில் உறங்க விரும்புவோர் உறங்கட்டும். நடக்க விரும்புவோருக்கு வழி இருக்கட்டும்.

விடைபெறும் தமிழர் “போகிறேன்” என்று சொல்வதில்லை. “போய் வருகிறேன்” என்பதே மரபு. திரும்பி வருவேன் என்னும் உறுதியும், காத்திருப்பவர் ஒருவர் உண்டு என்னும் நம்பிக்கையும் அச்சொல்லில் உள்ளன. அதனைச் சொல்லிப் புறப்படுபவரைத் தடுப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.