எந்தப் பக்கத்தில் மூடினீர்கள்?

நம்மவரிடையே நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. கிராஅத்துடன் விழா தொடங்கும், வரவேற்புரை, வாழ்த்துரை, ஆய்வுரை என வரிசையாக நடைபெறும், பொன்னாடை போர்த்தப்படும், முதற்பிரதியை ஊர்ச் செல்வந்தர் ஒருவர் பெற்றுக்கொள்வார். நூலோ, ஆசிரியர் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு அச்சிட்ட நாவல். வந்தவர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கிச் செல்வர், இருபது முப்பது பக்கங்கள் படிப்பர், மூடிவைப்பர். பின்னர் ஆசிரியரைக் கடைத்தெருவில் காணும்போது, “மாஷா அல்லாஹ், அருமையான நூல்!” என்பர். இந்தப் பொய்யை எதிர்த்தே இதனை எழுதுகின்றோம். பாதியில் மூடியது குற்றமென்று நாம் கூற வரவில்லை. மூடியதை மறைத்ததே குற்றம்.

பிறரைச் சுட்டுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வது முறை. ஏற்காட்டுக்கு அருகே, சேர்வராயன் மலையில் உள்ள வெள்ளக்கடையில், காப்பித் தோட்டமொன்றில் கணக்கெழுதும் அன்பர் ஒருவர் இருக்கின்றார். இளமையில் நம்மிடம் ஓதியவர். சில ஆண்டுகளுக்கு முன் நாவல் ஒன்று எழுதிச் சேலத்தில் ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டார். விழாவில் ஆய்வுரை நிகழ்த்த நம்மை அழைத்தார். நாம் 43ஆம் பக்கம் வரையே படித்திருந்தோம். ஆயினும் மேடையேறி அரைமணி நேரம் புகழ்ந்தோம். அந்தப் புகழுரையை நம்பி, மகளின் திருமணத்திற்கென ஒதுக்கியிருந்த பணத்தில் அவர் இரண்டாவது நாவலையும் அச்சிட்டுவிட்டார்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பழம் பறிக்கும் காலம். வழியெங்கும் காப்பிச் செடிகள் சிவந்திருந்தன. வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் கயிறு அவிழ்க்கப்படாத புத்தகக் கட்டுகள் கிடந்தன. மலைப்பனியின் ஈரமேறி மேலட்டைகளில் பூஞ்சணம் பூத்திருந்தது. தேநீர் தந்துவிட்டு அவர் கேட்டார்: “ஹஜ்ரத், தப்பா எடுத்துக்காதீங்க. முதல் புத்தகத்தை எந்தப் பக்கத்துல மூடுனீங்க?”

நாம் உண்மையைச் சொன்னோம். 31ஆம் பக்கத்தில் காலரா கண்டு மவுத்தான கதாநாயகனின் தந்தை, 43ஆம் பக்கத்தில் நிக்காஹ் மஜ்லிஸில் வந்து அமர்ந்திருந்தார். அதற்குமேல் நமக்குப் படிக்க மனம் வரவில்லை. அன்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அது சித்தப்பா, ஹஜ்ரத். திருத்தி எழுதுனப்ப ஒரு இடத்துல மாத்த விட்டுப்போச்சு. அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டாவதை அவசரப்பட்டு அடிச்சிருக்க மாட்டேனே” என்றார். நமக்கு விடை கூற நா எழவில்லை.

இதனைக் கேட்போர் மூவகையாக வாதிடுவர். ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

“தொடங்கிய நூலை முடிக்காமல் விடுவதே தவறு” என்பர் சிலர். நஃபிலான தொழுகையைத் தொடங்கிவிட்டால் நிறைவு செய்வது கடமையாகிவிடும் என்பது ஹனஃபி மத்ஹபு. ஷாஃபிஈ மத்ஹபில் அது கட்டாயமன்று. ஆனால் நாவலைத் தொடங்கியவர் முடித்தே தீரவேண்டுமென எந்த மத்ஹபும் விதித்ததில்லை! நேரம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். கவனமின்றி எழுதப்பட்ட ஒன்றின்பொருட்டு அதனைச் செலவிட வேண்டிய கடப்பாடு எவர்க்கும் இல்லை.

“சொந்தச் செலவில் அச்சிட்டவையெல்லாம் பதர், தொடங்குவானேன், விடுவானேன்?” என்பர் வேறு சிலர். இவர்கள் வரலாறு அறியாதவர்கள். கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885இல் ‘அஸன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலெனப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து ஆறே ஆண்டுகளில், தம் இதழையும் அச்சையும் தாமே நடத்திய ஒருவர் அளித்த நூல் அது. தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’, ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தபின், 1988இல் அவருடைய சொந்த முயற்சியிலேயே நூலாயிற்று. 1997இல் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கடலுக்கப்பால் பிரான்சில் மார்ஸல் ப்ரூஸ்ட்டின் பெருநாவலின் முதற்பகுதி, பதிப்பாளர்களால் மறுக்கப்பட்டு, 1913இல் ஆசிரியர் செலவிலேயே அச்சேறியது. மறுத்தவர்களுள் ஒருவரான ஆந்த்ரே ழீத், அடுத்த ஆண்டே தம் பிழைக்கு வருந்தி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

மீரானின் நாவலை முதன்முதல் கையிலெடுக்கும் வெளியூர் வாசகர்க்கு, மலையாளமும் அறபும் கலந்த அக்கடலோரப் பேச்சு கரடுமுரடாகவே தோன்றும். அங்கேயே மூடியவர் இழந்தது பெரிது. எனவே மூடுவோர், குறை நூலினுடையதா, தம் பழக்கத்தினுடையதா என்று தம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்ளல் வேண்டும். செத்தவர் எழுந்து வருவது நூலின் குறை. கேட்டறியாத பேச்சு கேட்பவரின் குறையாகவும் இருக்கலாம்.

“சொன்னால் மனம் நோகுமே!” என்பது மூன்றாவது வாதம். இது கருணைபோல் தோன்றும். ஆனால் நம் அன்பருக்கு அது என்ன செய்தது? வாயைத் திறக்காத நம் ‘கருணை’, அவர் மகளின் பணத்தைப் பூஞ்சணம் பூக்கச் செய்தது. நன்மை நாடி உண்மையுரைக்கும் நஸீஹத் மார்க்கத்தில் எத்தகைய இடம் பெற்றுள்ளதென்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். அதனைத் தேநீர்க் கடையில் பிறரிடம் சொன்னால் புறம்; எழுதியவரிடமே தனித்துச் சொன்னால் நஸீஹத்.

நம் முன்னோர் இதற்கு வழி வகுத்திருந்தனர். அறபுக் கிதாபுகளைப் படியெடுத்தபின் மூலத்தோடு ஒப்பிட்டு ஓதுவர். அதற்கு முகாபலா என்று பெயர். ஒரு நாளின் ஓதல் எங்கே நின்றதோ, அவ்விடத்து ஓரத்தில் ‘எட்டியது’ என்னும் பொருள்பட ‘பலஃக’ என்று குறிப்பர். பழஞ்சுவடிகளின் ஓரங்களில் அக்குறிகளை இன்றும் காணலாம். தமிழ்ப் புலவர்களுக்கோ அரங்கேற்றம் இருந்தது. அவையோர் ஐயம் எழுப்புவர். புலவர் எழுந்து விடை கூறுவர். இன்று நாம் நடத்தும் விழாவில் ஐயம் எழுப்புவோர் எவருமில்லை. பொன்னாடை மட்டுமே எஞ்சியிருக்கின்றது.

இயந்திரமும் இப்போது பக்கம் எண்ணுகின்றது. அமேசான் கிண்டிலில் தம் நூலைத் தாமே வெளியிடுவோர் தமிழிலும் பெருகியுள்ளனர். அங்கே சந்தா செலுத்திப் படிப்போர் வாசித்த பக்கங்களைக் கணக்கிட்டே, 2015 ஜூலை முதல் ஆசிரியர்க்குப் பணம் பகிரப்படுகின்றது. அதற்கு முன்னர் நூலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே போதுமாயிருந்தது. எத்தனை பக்கங்கள் படிக்கப்பட்டன என்பதை அக்கணக்கு கூறிவிடும். ஏன் மூடினார்கள் என்பதை மனிதர்தாம் கூறவேண்டும்.

ஆகவே வாசகர்களை ஒன்று வேண்டுகின்றோம். நூலை மூடும்போது பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடிடுங்கள். ஓர் அஞ்சலட்டையில் பக்க எண்ணையும், மூடியதன் காரணத்தையும் இரண்டே வரிகளில் ஆசிரியருக்கு எழுதுங்கள். புகழ்ச்சியும் வேண்டா, ஏளனமும் வேண்டா. படிக்காத நூலைப் பற்றிப் பேச மேடைக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

எழுதுவோரையும் ஒன்று வேண்டுகின்றோம். காப்பிப் பழத்தைத் தொட்டி நீரிலிட்டு, மிதக்கும் சொத்தையை ஒதுக்கிய பின்னரே நல்ல பழத்தைத் தோலுரிக்க அனுப்புகின்றனர். கைப்பிரதியையும் அச்சகத்துக்கு அனுப்புமுன் உறவினரல்லாத மூவரிடம் கொடுங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், அதற்கு எவரும் “நன்று” என்றே விடையளிப்பர். எந்த இடத்தில் கீழே வைத்தார்கள் என்று கேளுங்கள்.

வெள்ளக்கடை அன்பர் நாம் புறப்படும்போது இரண்டாவது நாவலின் பிரதியொன்றைக் கையில் தந்தார். 112ஆம் பக்கம் வரை படித்து, அவ்விடத்தில் கோடிட்டிருக்கின்றோம். காரணத்தை அவருக்கு எழுதி நேற்றுத்தான் அஞ்சலில் சேர்த்தோம்.