100 வருஷம் தாண்டியும் ஓடும் ‘வள்ளி திருமணம்’... ராத்திரி 10 மணி விதி வந்தால் என்ன ஆகும்?

தினைப்புனம் காக்கும் வள்ளி, அவளைத் தேடி வரும் முருகன், நடுவில் மூட்டிவிடும் நாரதர். கதையும் தெரியும், முடிவும் தெரியும். அப்புறம் ஏன் ஊரே பாய் விரித்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது?

கதைப்படி வள்ளி குழந்தையாகக் கிடைத்தது, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போனால் இதில் ஒரு வேடிக்கை தெரியும். தினையும் சாமையும் விளைந்த மேடுகளில் பல இடங்களில் இப்போது நிற்பது மரவள்ளிக்கிழங்கு. ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற பயிர், கையில் காசு வரும். வள்ளி காவல் காத்த தானியம் மலையிலேயே சுருங்கிவிட்டது. அவளுடைய நாடகம் மட்டும் கீழே சமவெளியில், மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் திருவிழாதோறும் நடக்குது.

எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922-ல் புதுச்சேரியில் மறைந்தவர். 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணிக்கே இவர் பெயர்தான், ஞாபகம் இருக்கா?

முதலில் நாடகக் கம்பெனிகள் இதை நடத்தின. கம்பெனிகள் சரிந்தபோது வந்தது ‘ஸ்பெஷல் நாடகம்’. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். ஒத்திகையே கிடையாது, மேடையில்தான் சந்திப்பு! எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம் என்பதால் இது நடக்குது. பாட்டுக்கு நடுவில் வரும் தர்க்கம்தான் உண்மையான விருந்து. வள்ளியை நாரதர் எதைக் கேட்டு மடக்குவார், அவள் எப்படித் திருப்பிக் கொடுப்பாள் என்பது அந்தந்த ராத்திரிக்குத்தான் வெளிச்சம்.

அந்த இடைவெளியில்தான் அரசியலும் நுழைந்தது. வள்ளி பறவை விரட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கு என்று வெள்ளைக்காரனைப் பாடினார்கள். இப்படிப் பாடியே பலமுறை சிறை சென்றவர் விஸ்வநாத தாஸ். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில் மேல் இருந்தபடியே மேடையில் உயிரை விட்டார்.

சினிமாவும் விடவில்லை. தமிழ் பேசும் படம் தொடங்கி இரண்டே வருஷத்தில், 1933-ல், டி.பி.ராஜலட்சுமி வள்ளியானார். 1945-ல் ஏவி.எம்-மின் ‘ஸ்ரீவள்ளி’ சக்கைப்போடு போட்டது. சினிமா வந்தும் சாகாத நாடகம் இது.

இன்றைய சிக்கல் வேறு. கலைஞர்களின் வருமானத்தில் பெரும்பங்கு கோயில் திருவிழா மாதங்களில்தான். 2020-ல் ஊரடங்கு வந்தது சரியாக அந்த சீசனில். 2021-லும் அதே கதை. அதிலிருந்து மீண்டவர்களுக்கு முன்னால் ஒலிபெருக்கி விதி நிற்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் மைக் கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல்.

தூக்கம் கெடுகிறவர்களின் புகாரையும் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் இந்த நாடகம் தொடங்குவதே 10 மணிவாக்கில். முதலில் பபூன், அப்புறம் டான்ஸ். 12 மணிக்கு மைக்கை அணைத்தால் வள்ளி அப்போதுதான் பரண் ஏறியிருப்பாள். கல்யாணம் நடப்பது விடியற்காலையில்.